சென்ட்ரல் பக்கம் பொட்டலம் கொடுக்கிறோம், அதுக்கு அடுத்தது என்ன?

பெரம்பூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊழியத்திலயும் சமூகப் பணியிலயும் பழுத்த அனுபவம் உள்ளவங்க இங்க இருக்கீங்க. அதனாலதான் கேக்கறேன்.

பெரம்பூர்ல எங்க சபையோட வாலிபர் ஐக்கியத்துல நான் செயலாளர். 2021 ஊரடங்குல கடையெல்லாம் அடைச்சுக் கிடந்தப்ப, ரோட்டுல படுத்திருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு ஒரு அக்கா ஜெபக்கூட்டத்துல அழுதாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு அறுபது பொட்டலம் எலுமிச்சை சாதம், ஆளுக்கு ஒரு அவிச்ச முட்டை. மூர்மார்க்கெட் பக்கம் ஆரம்பிச்சு வால்டாக்ஸ் ரோடு வரைக்கும் கொடுத்துட்டு, முதல் ஆராதனைக்குத் திரும்பிடுவோம். மழைன்னாலும் விட்டதில்ல.

போன மாசம் ஒருத்தர் பொட்டலத்தை வாங்கல. ஐம்பது வயசு இருக்கும். போர்வையை சதுரமா மடிச்சு, அது மேல ரெக்சின் பையை வெச்சு, சுவரோரமா உட்கார்ந்திருந்தார். "தம்பி, சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கு. இட்லி ஒரு ரூபா. கையில இருபது ரூபா இருந்தா மூணு வேளையும் ஓடிடும். எனக்கு ஒரு விலாசம் வேணும். வேலை கேட்டுப் போனா எந்த ஊரு, எங்க தங்கறேன்னு கேக்கறான். என்ன சொல்லுவேன்?"னு கேட்டார். அம்பத்தூர்ல இரும்பு கடையற லேத் மெஷின் ஓட்டிக்கிட்டு இருந்தவராம். கம்பெனியை மூடினதும் குடி, குடியால குடும்பம் போச்சுன்னு அவரே சொன்னார்.

அன்னிக்கு ஆராதனையில எனக்கு மனசு நிக்கல. மூணு வருஷமா அவரை நாங்க பாத்திருக்கோம், பேரு தெரியாது.

இப்ப நாலஞ்சு ஆண்களுக்காக ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுக்கலாம்னு யோசிக்கறோம். மாசம் பன்னிரண்டாயிரம் வரைக்கும் காணிக்கை சேரும். ஆனா கமிட்டியில ஒத்த கருத்து இல்ல. குடிக்கறவங்களைச் சேர்க்கக் கூடாதுங்கறார் ஒருத்தர். காலை ஜெபத்துக்கு வந்தாத்தான் இடம்னு எழுதி வெக்கணும்ங்கறார் இன்னொருத்தர். போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பொருளாளருக்கு பயம். இதைச் செஞ்சவங்க யாராவது இருந்தா, எங்க தொடங்கணும், எங்க தவறுவோம்னு சொல்லுங்க. பயமுறுத்தினாலும் பரவாயில்ல.

——

ஐசிஎஃப் ஃபிட்டர் எழுதியது:

தம்பி, ஸ்தோத்திரம். இதே வேலையை நாங்க ஒன்பது வருஷமாச் செய்யறோம். ஓட்டேரி பக்கம் ஒரு மாடி வீடு. இன்னிக்குத் தேதிக்கு ஏழு பேர் இருக்காங்க.

நாங்க திட்டம் போட்டு ஆரம்பிக்கல. 2015 டிசம்பர் வெள்ளத்துல சபை மண்டபத்தைத் திறந்துவிட்டோம். நாற்பது பேருக்கு மேல வந்து படுத்தாங்க. தண்ணி வடிஞ்சதும் ஒவ்வொரு குடும்பமா பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிச்சு. ஆறு ஆம்பளைங்க மட்டும் கிளம்பல. மண்டபத்தைக் கழுவி விடறாங்க, பெஞ்சைத் தூக்கிப் போடறாங்க, ஒரு வேலையும் மிச்சமில்லாமப் போனதும் வாசப்படியில உட்கார்ந்துட்டாங்க. போகச் சொல்ல எங்க ஆயருக்கும் மனசு வரல, எனக்கும் வரல. அப்படித்தான் தொடங்கிச்சு.

முதல்ல ஒண்ணு சொல்றேன், உடனே வீடு எடுக்காதீங்க. மாநகராட்சியோட வீடற்றோர் காப்பகங்கள் நம்ம ஊர்லயே இருக்கு. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துது. ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2010லயே சொல்லிடுச்சு. மாநகராட்சியோட 1913 நம்பருக்குப் போன் பண்ணி உங்க பக்கத்துல எது இருக்குன்னு கேளுங்க. ரெண்டு மூணு காப்பகத்தை நேர்ல போய்ப் பாருங்க. அங்க சேர சம்மதிக்கறவங்களைச் சேர்த்துட்டு, வாரம் ரெண்டு நாள் போய்ப் பார்த்துக்கிட்டு வர்றதே பெரிய ஊழியம். கத்தோலிக்க சபைகள்ல வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க அப்படித்தான் ரெண்டு ரெண்டு பேராப் போய்ப் பார்ப்பாங்க. அந்தச் சபை 1833ல பாரிஸ்ல ஆரம்பிச்சது. கட்டடத்தை நம்பாம இத்தனை வருஷம் நடக்குது. நம்ம ஆளுங்களுக்குக் கட்டடம்னா ஒரு ஆசை. கல்வெட்டு வெக்கலாம், திறப்பு விழா பண்ணலாம். ஒரு மனுஷனோட புதன்கிழமை மத்தியானம் உட்கார்ந்திருந்ததுக்கு யாரும் கல்வெட்டு வெக்கறதில்ல.

காப்பகத்துக்கு வர மாட்டேன்னு சில பேர் சொல்லுவாங்க. திமிர்னு நினைச்சிடாதீங்க. பையைத் திருடிடுவான்னு பயம் இருக்கும், கூடப் படுக்கற சிநேகிதனை விட்டு வர மனசிருக்காது. ஒருத்தர் நாய்க்காகவே வரல. கேட்டாத்தான் தெரியும்.

அடுத்தது குடி. இதுல நாங்க பண்ணின தப்பை மறைக்காமச் சொல்றேன்.

ஆறு பேர்ல ஒருத்தர் திருவாரூர் பக்கம். தினம் குடிக்கறவர். 2016 புத்தாண்டு ஆராதனையில, இனி தொட மாட்டேன்னு பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டார். எங்களுக்கெல்லாம் கண்ணீர். மறுநாள் சாயங்காலம் கை நடுங்கிச்சு. காபி டம்ளரை ரெண்டு கையாலப் பிடிச்சும் சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டார். மூணாம் ராத்திரி போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழ போட்டார். எறும்பாம். ஒண்ணும் இல்ல, வெள்ளைப் போர்வை. அப்புறம் ஜன்னலுக்கு வெளியில யாரோ கூப்பிடறாங்கன்னு கத்தினார். பிசாசுன்னு நினைச்சிட்டோம். ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டோம், மத்தவங்க விடிய விடிய ஜெபம். நாலு மணிக்கு வலிப்பு வந்து, பல்லைக் கடிச்சு, வாயில ரத்தம். அப்புறம்தான் 108. "குடியை நிறுத்தினது சரி. டாக்டர் இல்லாம நிறுத்தினதுதான் தப்பு. இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கொண்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது"ன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. பிழைச்சுக்கிட்டார். ஜெபம் பண்ணினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு ஜெபம் பண்ணியிருக்கணும். இதை இன்னிக்கு எந்தச் சபையில கேட்டாலும் எழுந்து நின்னு சொல்றேன்.

அதனால குடிக்கறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு எழுதாதீங்க. டாக்டரைப் பாக்காம சேர்க்க மாட்டோம்னு எழுதுங்க.

விலாசம் கேட்டாரே அந்த லேத்காரர், அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆதார் எடுத்திருப்பார், தொலைச்சிருப்பார். நம்பர் ஞாபகம் இருக்காது, பழைய செல் நம்பரும் போயிருக்கும். ஆதார் சேவா மையத்துக்குக் கூட்டிட்டுப் போய் கைரேகை, கண் வெச்சே பழைய நம்பரைத் தேடலாம். புது விலாசத்துக்கு, அங்கீகாரம் உள்ள காப்பகப் பொறுப்பாளர் உரிய படிவத்துல கொடுக்கற சான்று செல்லும். கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார் கொடுக்கறதும் செல்லும். நம்ம சபை லெட்டர்பேடு செல்லாது. இதுக்காகவே காப்பகத்தோட உறவு வெச்சுக்கணும். ஆதார் வந்ததும் வங்கியில ஜன்தன் கணக்கு. அப்புறம்தான் வேலை.

வேலைன்னதும் எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நான் அப்பத்தான் பயப்பட ஆரம்பிப்பேன். முதல் வாரம் யாரும் ஓடிப் போக மாட்டாங்க. வயிறு நிறையுது, ஃபேன் ஓடுது. ஆபத்து மூணாவது மாசம், முதல் முழுச் சம்பளம் கையில வர்ற அன்னிக்கு.

சேலம் பக்கத்துக்காரர் ஒருத்தர். எங்ககிட்ட வந்தப்ப கால் நகம் வளைஞ்சு சதைக்குள்ள இறங்கியிருந்தது. அண்டாவுல வெதுவெதுன்னு உப்புத் தண்ணி வெச்சு, அரை மணி நேரம் கால் ஊற வெச்சு, நகவெட்டி கடிக்காததால ஒர்க்‌ஷாப்ல இருந்து சின்ன கட்டிங் பிளையரைக் கொதிக்கவெச்சுக் கொண்டு வந்து வெட்டினேன். முழு நேரமும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார். பத்தாவது நகத்துக்கு வந்தப்ப, "எங்க அம்மா வெட்டி விடுவாங்க"ன்னார். அன்னிக்கு அவ்வளவுதான் பேசினார். மூணாவது மாசம் பரோட்டாக் கடையில மாவு பிசையற வேலை. முதல் சம்பளம் வாங்கின ராத்திரி வரல. மறுநாளும் வரல. பத்தொன்பது நாள் கழிச்சு எதிர்த்த டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தார். குழாயடியில முகம் கழுவி, தலையைத் தண்ணி தொட்டு வாரியிருந்தார். சட்டை மட்டும் அதே சட்டை. நான் போய் ரெண்டு டீ சொன்னேன். குடிச்சு முடிச்சிட்டு, "துணி துவைக்கணும்ணே"ன்னார். வாங்கன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் கமிட்டியில பெரிய சண்டை. ஒரு தரம் ஓடினவன் மறுபடி ஓடுவான்னாங்க. உண்மைதான், ஓடினார். ரெண்டு வருஷத்துல மூணு தரம். நாலாவது சம்பளத்துல இருந்துதான் நின்னுச்சு. அவர் கேட்டுக்கிட்டதால சம்பள நாள்ல நான் கடை வாசல்ல போய் நிப்பேன். ஒண்ணாப் போய் வங்கியில போடுவோம். பணத்தை நாங்க வாங்கி வெச்சதில்ல, ஒரு ரூபா கூட. இப்ப வியாசர்பாடியில தனி ரூம் எடுத்து, பரோட்டா மாஸ்டரா இருக்கார்.

அதனால வீடு எடுக்கறப்பவே கமிட்டியைக் கேளுங்க, ஓடிப் போனவர் திரும்பி வந்தா கதவைத் திறப்போமா? ஆமான்னு எல்லாரும் சொன்னா எடுங்க. இல்லேன்னா பொட்டலத்தோட நிறுத்திக்கிறது நல்லது.

அந்த ஆறு பேர் கணக்கையும் சொல்லிடறேன். ரெண்டு பேர் குடும்பத்தோட சேர்ந்தாங்க, அதுல திருவாரூர்க்காரர் ஒருத்தர். பரோட்டா மாஸ்டர் மூணாவது ஆள். ஒருத்தர் எங்க வீட்லயே இறந்துட்டார். மீதி ரெண்டு பேரை 2018க்கு அப்புறம் நான் பார்க்கல. வால்டாக்ஸ் ரோடு பக்கம் போனா இன்னிக்கும் ஒவ்வொரு முகமா பார்த்துக்கிட்டேதான் நடப்பேன்.

——

வடசென்னை செவிலியர் எழுதியது:

ஐயா எழுதினதை வாசிச்சு உடம்பு சிலிர்த்துப் போச்சு. நான் அரசு மருத்துவமனையில் பதினாறு வருடமாகப் பணி செய்கிறேன். அந்தத் திருவாரூர்க்காரர் மாதிரி மாதத்துக்கு எத்தனையோ பேர் வருவார்கள், பாதிப் பேர் மந்திரிச்சிட்டு, ஜெபிச்சிட்டு, தாமதமாகத்தான் வருவார்கள்.

தம்பி, இதை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்க. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பது, நாள் கிழமை புரியாமல் குழம்புவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அது உயிரை எடுக்கக்கூடியது. மருந்து கொடுத்து மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். இன்னொன்று, சோர்ந்து கிடக்கிறாரே என்று பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்ற விடாதீர்கள். தயமின் என்ற வைட்டமின் ஊசி முதலில் போக வேண்டும். இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு இலவசமாகச் சிகிச்சை உண்டு. அடையாறு பக்கம் 1980 முதல் நடக்கும் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை இதற்கென்றே உள்ளது. சந்தேகம் வந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்க, தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யாமல் மற்றவர்களோடு ஒரே அறையில் படுக்க வைக்காதீர்கள். தெருவில் இருந்தவர்களிடம் காசநோய் அதிகம். மாத்திரை இலவசம், சத்துணவுக்கு வங்கிக் கணக்கில் பணமும் வரும். கணக்கு இல்லாதவருக்கு அந்தப் பணம் வராமலே போகிறது. ஐயா சொன்ன விலாசப் பிரச்சினை இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்க.

தனக்குத்தானே பேசிக்கொண்டு, குப்பையைச் சேர்த்துக்கொண்டு திரிகிறவரை நீங்களே வீட்டுக்குத் தூக்கி வரக் கூடாது. 2017 மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் காட்டுவது காவல் நிலையத்தின் பொறுப்பு. நீங்கள் கூடவே போங்க, விட்டுவிட்டு வராதீர்கள். மனநோய் உள்ளவர்களைத் தங்க வைத்துப் பராமரிப்பதற்கோ, குடி மறுவாழ்வு மையம் நடத்துவதற்கோ மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். உங்கள் பொருளாளர் பயப்படுவது நியாயம்தான். தங்க இடமும் துணையும் மட்டும் நாங்கள், சிகிச்சை மருத்துவமனையில் என்று தெளிவாகப் பிரித்து வைத்துக்கொண்டால் நல்லது.

——

மயிலை வாசகன் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை. நல்ல மனசோடு கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை ஜெபத்துக்கு வந்தால்தான் இடம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதாகத் தம்பி எழுதியிருக்கிறார். தெருவில் கிடப்பவனுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி ஏது? என் அண்ணன் ஒருவர் இப்படித்தான் வீட்டை விட்டுப் போனார். எங்கேயோ யாரோ சோறு போட்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். யார் போட்டாலும் கும்பிடுவேன். ஆனால் அவர் கழுத்து ருத்ராட்சத்தைக் கழற்றச் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்றும் தோன்றுகிறது.

——

ஐசிஎஃப் ஃபிட்டர் எழுதியது:

ஐயா, உங்க அண்ணனுக்காக இன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல ஜெபிப்போம்.

நீங்க கேட்டது நியாயமான கேள்வி. ஒளிக்காமச் சொல்றேன், நான் இயேசுவை விசுவாசிக்கறதாலதான் இந்த வேலையில இருக்கேன். பென்ஷன் வாங்கிக்கிட்டு வீட்ல உட்கார்ந்திருக்கலாம். காலையில ஆறரைக்கு எங்க வீட்டு ஹால்ல ஜெபம் உண்டு. கதவு திறந்திருக்கும். வரணும்னு யார்கிட்டயும் சொல்லறதில்ல, வரலேன்னு கேக்கறதும் இல்ல. டீ எல்லாருக்கும் ஒரே நேரம்தான். ஜெபத்துக்கு வந்தவனுக்கு முதல் டீன்னு ஒரு தரம் ஒரு பையன் ஆரம்பிச்சான், அன்னிக்கே நிறுத்தினேன். நாற்பது வருஷம் இரும்போட வேலை பார்த்தவன் நான். இறுக்கமா உட்கார வேண்டிய பொருளை அடிச்சுச் சேர்த்தா ரெண்டும் கெடும்.

இறந்துட்டார்னு சொன்னேனே, அந்தப் பெரியவர் விருத்தாசலம் பக்கம். தினம் காலையில குளிச்சிட்டு நெத்தி நிறைய விபூதி வெச்சுக்குவார். மூணு வருஷம் எங்க வீட்ல இருந்தார். தேவதூதன் மாதிரி மனுஷன். கடைசி ரெண்டு மாசம் படுக்கையில கிடந்தப்ப, விபூதி மடலை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், கை தூக்க முடியாதப்ப நானே வெச்சும் விட்டேன். எங்க சபையில சில பேருக்கு வருத்தம். ஆயர்கிட்டப் போனாங்க. ஆயர் ஒண்ணும் சொல்லல, மறுநாள் வந்து பெரியவர் பக்கத்துல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துட்டுப் போனார். இறந்ததும் அவர் பையில இருந்த ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை வெச்சு ஊரைக் கண்டுபிடிச்சு, அண்ணன் மகனை வரவழைச்சோம். அவங்க முறைப்படியே எரிச்சோம். எங்க வீட்டு ஆளுங்கதான் பாடை தூக்கினாங்க.

தம்பிக்கு ஒரு வார்த்தை. மாற்கு 5ஆம் அதிகாரத்துல பிசாசு பிடிச்சு கல்லறைகளில் குடியிருந்த மனுஷன் ஒருத்தன் வர்றான். வீடில்லாதவனைப் பத்தி வேதத்துல இதைவிடக் கிட்டத்துல காட்டற இடம் எனக்குத் தெரியல. இயேசு குணமாக்கினதும் வஸ்திரம் உடுத்தி, புத்தி தெளிஞ்சு உட்கார்ந்திருக்கான். அந்தத் துணியை யார் கொடுத்தாங்கன்னு எழுதல. யாரோ ஒரு சீஷன் தன் மேலங்கியைக் கழற்றியிருப்பான்னு நான் நினைச்சுக்குவேன். அப்புறம் கூடவே வரேன்னு அவன் கெஞ்சறான். கூட்டிட்டுப் போகல, உன் வீட்டுக்கு, உன் ஜனத்துகிட்டப் போன்னு அனுப்பறார். நம்ம வீட்டுக்கு வர்றவங்களை நம்மோடயே வெச்சுக்க நமக்கு ஆசை வரும். ஆள் எண்ணிக்கை காட்டலாம், மேடையில சாட்சி சொல்ல வெக்கலாம். அவன் வீடு எங்க இருக்குன்னு தேடறதுதான் நமக்குச் சொன்ன வேலை.

இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) 1865ல கிழக்கு லண்டன்ல ஆரம்பிச்சு, 1882லயே நம்ம நாட்டுக்கு வந்துட்டாங்க. சூப்பு, சோப்பு, அப்புறம்தான் இரட்சிப்புன்னு அவங்களுக்கு ஒரு சொல் உண்டு. சோப்பைப் படிச்சப்ப எனக்கு அந்த அண்டாத் தண்ணிதான் ஞாபகம் வந்தது.

——

டீ மாஸ்டர் எழுதியது:

நான் அதிகம் எழுதறவன் இல்ல. பையன் டைப் பண்ணித் தரான். ஆறு வருஷம் நான் வால்டாக்ஸ் ரோட்டுல படுத்தவன். இப்ப புரசைவாக்கத்துல டீ மாஸ்டர்.

தம்பி கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில நாலஞ்சு கூட்டம் பொட்டலத்தோட வரும். ஒருத்தனுக்கு மூணு நாலு கிடைக்கும். வெயில்ல ஊசிப் போகும், எலி வரும். புதன்கிழமை ஒருத்தரும் வர மாட்டாங்க. நாங்க ஜாஸ்தி பேர் வேலைக்குப் போறவங்கதான். கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவ, பந்தி எடுக்க ஏஜென்ட் வந்து கூட்டிட்டுப் போவான். முகூர்த்தம் இல்லாத மாசம்தான் பட்டினி. ஆடி, மார்கழியில வாங்க. அப்பத்தான் குடியும் ஜாஸ்தி, சண்டையும் ஜாஸ்தி.

போட்டோ எடுக்காதீங்க. தயவு செஞ்சு. என்னை ஒரு கூட்டத்துக்காரங்க குளிப்பாட்டி, முடி வெட்டி, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு படம் எடுத்து நோட்டீஸ்ல போட்டுட்டாங்க. அது சுத்திச் சுத்தி என் பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் போயிடுச்சு. அப்பா செத்துட்டார்னு சொல்லிக் கட்டிக் கொடுத்திருந்தாங்க. அந்தப் புள்ளை என்ன பாடு பட்டுச்சோ. எனக்கு நல்லது பண்ணணும்னுதான் அவங்க பண்ணாங்க, அது எனக்கும் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என்னைத் தூக்கி விட்டது என்னன்னு கேட்டா, ஒரு பூட்டு. நான் கடைசியாப் போய்ச் சேர்ந்த வீட்டுல ஒரு பிரதர் தகரப் பொட்டியும் சின்னப் பூட்டும் கொடுத்தார். ரெண்டு சாவி. ஒண்ணை அவர் வெச்சுக்குவார்னு நினைச்சேன். ரெண்டையும் என் கையில கொடுத்துட்டார். பொட்டிக்குள்ள வெக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வெறும் பொட்டியைப் பூட்டி வெச்சேன். ராத்திரி எழுந்து எழுந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஆறு வருஷத்துல முதல் தடவையா பையைத் தலைக்கு வெக்காமத் தூங்கினேன். அப்புறம் அந்தப் பொட்டியில வெக்கறதுக்காகவே காசு சேர்த்தேன்.

லேத் அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க. போர்வையை சதுரமா மடிப்பார்னு எழுதியிருந்தீங்களே, அவர் யாருன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கறேன்.

——

பெரம்பூர்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ரெண்டு வாரம் ஆயிடுச்சு.

இங்க எழுதினதையெல்லாம் பிரிண்ட் எடுத்து கமிட்டியில வாசிச்சேன். வீடு இப்ப வேண்டாம், ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம்னு முடிவாச்சு. ஓடினவர் திரும்பி வந்தா திறப்போமான்னு கேட்டேன். யாரும் பேசல. பொருளாளர்தான் முதல்ல கை தூக்கினார். அவர் தம்பி இப்படிப் போனவராம், இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் சொன்னார்.

ஞாயித்துக்கிழமைப் பொட்டலத்தை நிறுத்திட்டு, புதன்கிழமை சாயங்காலம் ரெண்டு ரெண்டு பேரா வெறுங்கையோட போறோம். முதல் வாரம் கையை எங்க வெக்கறதுன்னே தெரியல. ரெண்டாவது வாரம் லேத் அண்ணனை மாநகராட்சிக் காப்பகத்துல கொண்டு போய்க் காட்டினோம். படுக்கையைத் தட்டிப் பார்த்தார். சரின்னார். அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனோம். இப்ப மருந்து சாப்பிடறார். டீ மாஸ்டர் அண்ணே, அவர்கிட்ட நீங்க கேட்டதாச் சொன்னேன். "அவன் டீ போடறானா?"ன்னு மூணு தரம் கேட்டார்.

நேத்து ஆதாருக்குப் போனோம். கைரேகை விழவே இல்ல. முப்பது வருஷம் இரும்புச் சுருளைத் தள்ளின விரல், வழவழன்னு தேஞ்சிருக்கு. துடைச்சுத் துடைச்சு வெச்சுப் பார்த்துட்டு, அந்தப் பொண்ணு கண்ணை வெக்கச் சொல்லிச்சு. ரொம்ப நேரம் கழிச்சுக் கிடைச்சிருச்சு. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாங்க. பழைய போட்டோ, அம்பத்தூர் விலாசம். காகிதத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வாசல் படியிலயே நின்னுட்டார். பின்னாடி ஆளுங்க தள்ளிக்கிட்டுப் போறாங்க.

"மீசை பாரு தம்பி"ன்னார்.